ஒற்றியூருக்கு அனுப்பாத டேப்

செய்தியைக் கொண்டுவந்தவர் காதர் பாய். வண்ணாரப்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடும் அவர், கையில் ஒயரோ ஸ்பீக்கரோ இல்லாமல் எங்கள் கல்லூரிக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அன்று வெறுங்கையோடு என் வகுப்பு வாசலில் நின்றார். கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதியிருந்தேன். முடித்துவிட்டு வருகிறேன் என்று ஜாடை காட்டினேன். அவர் நகரவில்லை.

“ராயபுரத்தம்மா பூட்டாங்க சார். காலம்பற” என்றார், மாணவர்கள் முன்னாலேயே.

நான் திரும்பி அந்தப் பாதி வாக்கியத்தை எழுதி முடித்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை. பிறகு திருவொற்றியூர் ரயிலடிக்கு ஓடினேன். வண்டி வர இருபது நிமிஷம் இருந்தது. நிற்கப் பொறுக்காமல் வெளியே வந்து பஸ் பிடித்தேன். அது தண்டையார்பேட்டையில் படுத்துவிட்டது. வேர்த்து வழிந்து நான் ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது, எனக்குப் பின்னால் கிளம்பி ரயிலில் வந்தவர்கள் மாலையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பிலோமினா டீச்சர் எழுந்து பார்த்திருந்தால் நிச்சயம் சிரித்திருப்பார். என் அவசரம் அவருக்கு எப்போதும் வேடிக்கைதான்.

உங்கள் கல்லூரி நினைவு மலருக்கு இதை எழுத நான்கு தடவை உட்கார்ந்து நான்கு தடவையும் எழுந்துவிட்டேன். நல்லவர், கெட்டிக்காரர், ஓயாத உழைப்பாளி என்று எழுதி அனுப்பியிருக்கலாம். எல்லாம் உண்மை. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அதை நான் சொல்லித் தெரியவேண்டியதும் இல்லை. ஆனால் அவர் ஒரு நாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பொய் சொன்னேன். எட்டு வருஷமாக அந்தப் பொய்யைத் திருத்தாமல் இருந்தேன், இப்போது திருத்திக்கொள்ள அவர் இல்லை. அதை விட்டுவிட்டு அஞ்சலி எழுத என்னால் ஆகவில்லை.

அவர் ராயபுரத்தில் ஒரு மாலைநேரக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்தத் தெருவின் பேச்சை அவர் எம்.ஏ. படித்த பிறகும் விடவில்லை. நான் திருவொற்றியூரில் இன்னொரு மாலைநேரக் கல்லூரியில் அதே பாடம். விடைத்தாள் திருத்தும் இடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருடைய மாணவர்கள் தினமும் கப்பலைப் பார்க்கிறார்கள், இறங்கும் சரக்கு எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது என்று குறைப்பட்டார். என் பையன்கள் பாதிப் பேர் பகலில் தொழிற்சாலையில் அந்தச் சரக்கைத்தான் அள்ளுகிறார்கள், கப்பலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்றேன் நான். அவர் பேனாவை மூடினார்.

“அப்ப ரெண்டு பேரையும் ஒரே கிளாஸ்ல ஒக்கார வெச்சுட்டா போச்சு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே ஒரு தொழிற்சாலை மேலாளரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அந்தத் தொழிற்சாலை எங்கள் பக்கம் இருந்தது, அதன் சரக்கு அலுவலகம் துறைமுகத்துப் பக்கம். இரண்டுக்கும் நடுவே சொந்தமாக ஒரு டெலிபோன் கம்பி. அலுவலகம் ஐந்து மணிக்கு மூடினால் பிறகு கம்பி சும்மாதானே கிடக்கிறது என்பது அவர் வாதம். மேலாளர் முடியாது என்றார். டீச்சர் கோபப்படவில்லை, விடைத்தாள் கட்டைக் கொண்டுபோய் அந்தப் பெஞ்சிலேயே திருத்த ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் கம்பி கிடைத்தது.

மிச்சத்தைக் காதர் பாய் பார்த்துக்கொண்டார். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கட்டுகிற அதே ஆம்ப்ளிஃபையர்தான், இங்கே ஒன்று, அங்கே ஒன்று. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரைக்கு ராயபுரத்தில் டீச்சர் பேசினால் திருவொற்றியூரில் எங்கள் ஸ்பீக்கரில் கேட்கும். எங்கள் பையன் மைக் அருகே வந்து பேசினால் அங்கே கேட்கும். பாதிப் பாடம் அவர், பாதி நான். மழை பெய்தால் கம்பி இரையும், சில நாள் ஒரு பக்கம் பேசுவது மட்டும் மறு பக்கத்துக்கு வராது. அதனால் இரண்டு பக்கமும் வகுப்பை டேப்பில் பதிந்து, மறுநாள் காலை ரயிலில் சீசன் டிக்கெட் மாணவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புவோம். கேட்காமல் போனதைப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். டேப் ரிக்கார்டரைக் காதர் பாய் நேரே மைக்கோடு இணைத்திருந்தார். அதனால் டீச்சர் அனுப்பும் டேப்பில் அவருடைய பக்கத்துக் குரல்தான் இருக்கும். நாங்கள் பேசிய இடமெல்லாம் வெறும் இடைவெளி.

கம்பியில் பேச அவர் வைத்த விதிகள் மூன்று. முதலில் ஊரைச் சொல், பேரைச் சொல். பேசி முடித்ததும் ‘அவ்வளவுதான்’ என்று சொல், அப்போதுதான் மறு பக்கம் பேசத் தொடங்கும். மூன்றாவது, கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணு. இந்த மூன்றாவதில் நான் தினமும் தவறினேன். மூன்று எண்ணுவதற்குள் பொறுமை போய் நானே பதிலைச் சொல்லிவிடுவேன்.

“கடைசி பெஞ்சுலேர்ந்து ஒருத்தன் எய்ந்து மைக்காண்ட வர்றதுக்குப் பத்து எண்ற நேரம் ஆவும் சார்” என்பார். “அவன் வந்துகினு இருக்கான். நீங்க பூட்றீங்க.”

அவர் எண்ணுவார். எங்கள் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது, ராயபுரத்து ரயில் யார்டில் வேகன் முட்டுகிற சத்தம் மட்டும் வரும். எனக்குக் கால் பரபரக்கும். ஏழு, எட்டு ஆகும்போது எவனாவது எழுந்திருப்பான். ஏகாம்பரம் என்ற மாணவன் அப்படித்தான் பேச ஆரம்பித்தான். பகலில் உரத் தொழிற்சாலையில் கந்தகம் அள்ளுகிறவன். இரண்டு வருஷம் என் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன், அவர் எட்டு எண்ணிய ஒரு செவ்வாய்க்கிழமை மைக் முன்னால் வந்து நின்றான்.

அந்தக் கந்தகத்தை வைத்துத்தான் பெரிய சண்டை வந்தது. ராயபுரத்து மாணவர்கள் துறைமுகத்தில் வேகனில் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்று குறிப்பார்கள், எங்கள் மாணவர்கள் இங்கே எவ்வளவு வந்தது என்று குறிப்பார்கள். இரண்டும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை. உங்கள் ஆட்கள்தான் திருடுகிறார்கள் என்று கம்பியின் இரண்டு முனையிலும் கத்தல். ஊர், பேர், அவ்வளவுதான் எல்லாம் காற்றில் போயிற்று. டீச்சர் கத்தி ஓயும்வரை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோஷ்டியும் தண்டவாளத்து ஓரமாக நடந்து வரவேண்டும், அவர்கள் அங்கிருந்து, நாங்கள் இங்கிருந்து என்றார். நடந்தோம். வேகன்களைப் பிரித்துக் கோக்கிற இடமெல்லாம் தரை மஞ்சளாகக் கிடந்தது. பழைய வேகன்களின் கதவிடுக்கில் வழி முழுக்கக் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. திருடன் எவனும் இல்லை. தண்டையார்பேட்டை அருகே இரண்டு கூட்டமும் எதிரெதிரே வந்து நின்றபோது யாருக்கும் யாரையும் தெரியவில்லை, மாசக்கணக்கில் பேசியவர்கள் முகம் பார்த்ததில்லை. வாயைத் திறந்து பேசிய பிறகுதான், “நீதான் ஏகாம்பரமா?” என்று ஒருத்தி கேட்டாள். அன்று எல்லாருக்கும் டீச்சர் வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. நான் சைவம், எனக்கு மட்டும் தனியாகத் தக்காளிச் சோறு.

இந்தப் பாடத்தைத் தேர்வுக்குரிய தாளாகப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. ஏற்காவிட்டால் இரண்டு பக்கத்து மாணவர்களுக்கும் வருஷம் முழுக்கப் படித்தது வீண், புதிதாக வேறு தாள் எழுதவேண்டும். மூன்று பேர் கொண்ட குழு ஒன்று நேரில் பார்க்கத் திருவொற்றியூர் வருவதாகக் கடிதம் வந்தது. காலை பத்து மணிக்கு. மேலாளரிடம் கெஞ்சி அந்த ஒரு மணி நேரத்துக்குக் கம்பியை வாங்கினோம்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கம்பி செத்தது. நடுவில் எங்கோ பள்ளம் தோண்டியவர்கள் வெட்டிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. காதர் பாய் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, உயிரே இல்லை சார், ஆபீஸ் போனில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். போனேன். ரிசீவரில் கை வைத்தேன். சொன்னால் டீச்சர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், குழுவிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்பார். குழு எழுந்து போகும், மறுபடி வருவதற்குள் தேர்வு முடிந்துவிடும். நான் கையை எடுத்தேன். குமாஸ்தா சாரங்கபாணி பக்கத்தில் இருந்தார், தற்காலிக வேலையில் இருந்த சாது மனுஷர். ராயபுரத்திலிருந்து போன் வந்தால், அவர்கள் பேசுவது எங்களுக்கு நன்றாகக் கேட்கிறது, வகுப்பு நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். சரி சார் என்றார்.

பிறகு முந்தின வெள்ளிக்கிழமை வகுப்புக்கு ராயபுரத்திலிருந்து வந்த டேப்பைக் காதர் பாயிடம் கொடுத்து ஸ்பீக்கரில் விடச் சொன்னேன். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, போன வாரம் கேட்ட அதே கேள்வியை அதே இடத்தில் கேள் என்றேன்.

“இன்னா சார், டிராமாவா?” என்றான்.

ஆனால் கேட்டான், பிரமாதமாக. ராயபுரத்துக் குரல் கேள்வி போட்டது, இடைவெளி வந்தது, இவன் நிதானமாக நடந்து போய் ஊர் சொல்லிப் பேர் சொல்லிப் பேசினான், ‘அவ்வளவுதான்’ என்றான், குரல் பதில் சொன்னது. குழுத் தலைவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். நடுவில் ஒரே ஒரு விபத்து. டேப்பில் ராயபுரத்து மாதா கோயிலின் ஆறு மணி ஜெப மணி அடித்தது. டீச்சர் வழக்கம்போல, மணி ஓயட்டும் என்று நிறுத்தினார், அங்கே பிள்ளைகள் எழுந்து நிற்கிற பெஞ்சுச் சத்தமும் கேட்டது. அந்த மணியைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன எங்கள் ஒருவருக்கும் அதை முன்கூட்டி நினைக்கத் தோன்றவில்லை. குழுவில் ஒரு முதியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாவி கொடுத்துக்கொண்டார். நான் சட்டைக்குள் நனைந்துபோனேன்.

குழு திருப்தியோடு போயிற்று. காதர் பாய் ஒயரைச் சுருட்டினார்.

“ஆள் இல்லாத குரலை ஆள் கீற மாரி வுட்டது இன்னிக்கிதான் சார், என் சர்வீஸ்ல.”

தலைவர் நல்ல மனிதர். டீச்சருக்குத் தனியாகப் பாராட்டுக் கடிதம் எழுதிவிட்டார், கந்தகம் பற்றிய மாணவனின் கேள்விக்கு நீங்கள் அன்று சொன்ன பதில் அருமை என்று. அந்தக் கடிதத்தோடு டீச்சர் திருவொற்றியூர் ரயிலடிக்கு வந்து, எனக்கு ஆள் அனுப்பினார். பிளாட்பாரத்தில் நின்றபடியே கேட்டார். டேப்பா? ஆமாம் என்றேன். ஏன் என்று விளக்க ஆரம்பித்தேன், மாணவர்கள், தேர்வு, வருஷம் வீண் என்று வேகவேகமாக. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது சரி. லைன்ல உங்க சத்தமே வரலன்னு எங்க பியூனை உட்டு உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணேன். நாங்க பேசறது நல்லா கேக்குது, நடத்துங்கன்னாங்க. அது யார் சொல்லச் சொன்னது?”

சாரங்கபாணி விவரம் தெரியாமல் உளறியிருப்பார் என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பத்து வரை எண்ணினார். நான் எண்ணூர்ப் பக்கம் வண்டி வருகிறதா என்று பார்த்தேன்.

“சரி சார்” என்றார் கடைசியில். பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதிவிட வேண்டும், மூன்று நாள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

நான் எழுதவில்லை. நான்காம் நாள் அவர் எழுதினார். அதன் நகலை எனக்கும் அனுப்பியிருந்தார். அன்று இணைப்பு இல்லை, குழு கேட்டது பழைய ஒலிப்பதிவு, இதற்குப் பொறுப்பு இந்தப் பாடத்தை நடத்தும் நாங்கள் இருவரும் என்று நான்கே வரி. இருவரும்! அந்தச் சொல்லைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. என்னைத் தனியாகக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பாடம் நின்றது. மாணவர்கள் மூன்று மாசத்தில் வேறு தாளுக்குத் தயாராக வேண்டியதாயிற்று. விசாரணையில் தொலைபேசிக் கதையும் வந்தது, எங்கள் முதல்வர் சாரங்கபாணிக்கு மெமோ கொடுத்தார். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் அவரைப் பணியில் நீட்டிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் அந்த மூன்று மாசமும் சனிக்கிழமைதோறும் ரயிலேறி வந்து எங்கள் மாணவர்களுக்குப் புதுத் தாளை நடத்தினார். நான் அந்த நேரத்தில் கல்லூரிப் பக்கமே போகமாட்டேன். அவருடைய மாணவர்களுக்கு நடத்த நான் ராயபுரம் போகவும் இல்லை. கோபம் அவர் மேல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு விடைத்தாள் திருத்துமிடத்தில் பார்த்தால் அவர் எப்போதும்போல, “சௌக்கியமா சார்?” என்பார். நான் தலையாட்டிவிட்டு நாற்காலியை மாற்றிக்கொள்வேன்.

அடக்கத்தின்போது ஏகாம்பரம் வந்திருந்தான். இப்போது தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறான், கூட்டத்தில் பேசுகிறான். கல்லறைத் தோட்டத்து மதிலோரம் என்னிடம் வந்து, அந்த டிராமாவுக்கு அம்மா தன்னை ஒரு சனிக்கிழமைகூடத் திட்டவில்லை என்றான். ஒரே ஒரு தடவை அந்தப் பேச்சு வந்ததாம். “நல்ல கேள்விடா அது, ரெண்டாந்தரமும் நல்லாத்தான் கேட்டிருப்பே” என்றாராம். சொல்லிவிட்டு அழுதான். நான் நிற்க முடியாமல் மதிலைச் சுற்றி நடந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது அவருடைய தங்கை பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஒரு டேப். அட்டை மேல் டீச்சர் கையெழுத்தில், ‘ஒற்றியூருக்கு. அனுப்பவில்லை’ என்றிருந்தது. அதன் கீழே, குழு வந்த அந்தக் காலை வகுப்பின் தேதி.

வீட்டுக்குப் போகப் பொறுக்கவில்லை. நேரே வண்ணாரப்பேட்டை. காதர் பாய் பழைய மிஷினைத் தூசு தட்டி எடுத்தார். கடைக்கு வெளியே மத்தியானப் போக்குவரத்து இரைந்துகொண்டிருந்தது, அவர் கதவை ஒருக்களித்தார். டீச்சரின் குரல் வந்தது. முதலில் ஊர், பேர். எங்கள் சத்தம் வரவில்லை என்று சொல்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, பியூன் வந்து ஏதோ சொல்வது கேட்கிறது. பிறகு அவர் மைக்குக்குத் திரும்புகிறார்.

“ஒற்றியூர், நீங்க பேசறது எங்களுக்கு வரல. ஆனா நாங்க பேசறது உங்களுக்குக் கேக்குதுன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. அது போதும். நடத்தறேன்.”

ஒரு மணி நேரம் நடத்தியிருக்கிறார். கேள்வி கேட்கிறார், எண்ணுகிறார். ஏகாம்பரத்தின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, எண்ணிவிட்டு, “சரி, சொல்லிட்டிருப்பே” என்று மேலே போகிறார். ஒரு இடத்திலும் எட்டிலோ ஒன்பதிலோ நிறுத்தவில்லை. நான் விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுந்துபோன கம்பிக்கு அத்தனை தடவை பத்து. கேட்கிறது என்று ஒரு குமாஸ்தா சொன்னதை நம்பி. சொல்லச் சொன்னவன் நான்.

வகுப்பு முடிகிற இடத்தில், வழக்கம்போல என் பேரைச் சொன்னார்.

“வேலாயுதம் சார், நீங்க எதுனா சொல்றீங்களா?”

அதன் பிறகு சத்தமில்லை. யார்டில் வேகன் முட்டிற்று. டேப் முடிந்ததென்று நினைத்து காதர் பாய் பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பத்தும் ஓடி முடிந்தது.

டீச்சரின் புத்தகங்களை அவர் கல்லூரி நூலகம் வாங்கிக்கொண்டது. அவருடைய குடை தங்கையிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த டேப், அதன் கடைசியில் எனக்கென்று விட்டிருக்கும் அந்தப் பத்து எண்ணும் நேரம். சாரங்கபாணி இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அவரை அறிந்தவர்கள் இதைப் படித்தால் அவரிடம் காட்டுங்கள்.

திருவொற்றியூர். வேலாயுதம் பேசுகிறேன். அன்று கம்பி அறுந்திருந்தது, டீச்சர். கேட்கிறது என்று சொல்லச் சொன்னது நான்தான். சாரங்கபாணி மேல் தப்பில்லை. அவ்வளவுதான்.